கசிவும் சொல்லும்: வீட்டுக் காப்பி இயந்திரத்தின் நீரொழுக்கைச் சீர்செய்தல்

தானியங்கிக் காப்பி இயந்திரத்தின் அடியில் நீர் தேங்கினால், பெரும்பாலான வீடுகளில் அதை எதிர்கொள்ளும் முறை ஒன்றாகவே இருக்கிறது. முதல் வாரம் துணியால் துடைக்கிறோம். இரண்டாம் வாரம் அடியில் ஒரு தட்டை வைக்கிறோம். மூன்றாம் வாரம் “மிஷின் லீக் ஆகிறது” என்று சொல்லிவிட்டுப் புதியதொன்றின் விலையைப் பார்க்கத் தொடங்குகிறோம். இம்மூன்றில் பெரிய இடையூறு அந்த ‘லீக்’ என்னும் சொல்தான். இயந்திரத்தில் நிகழக்கூடிய ஆறேழு வேறுபட்ட நிலைகளை அது ஒரே பொட்டலமாகக் கட்டிவிடுகிறது. அவற்றுள் இரண்டு பழுதே அல்ல. மூன்றை வீட்டிலேயே சரிசெய்யலாம். எஞ்சியவற்றில் நாம் கைவைக்கவே கூடாது. ஒரே சொல்லால் அனைத்தையும் குறிப்பவருக்கு இவ்வேறுபாடு கண்ணில் படுவதில்லை.

தமிழில் இந்த இடர்ப்பாடு இல்லை. நீர் தான் இருக்கவேண்டிய இடத்தைவிட்டு வெளியேறும் விதங்களுக்கு நம்மிடம் தனித்தனி வினைச்சொற்கள் உள்ளன: வழிதல், வியர்த்தல், ஒழுகுதல், ஊறுதல், கசிதல், சொட்டுதல், பீறிடுதல். இவை ஒருபொருட் பன்மொழிகள் அல்ல. பானை நிரம்பினால் நீர் வழிகிறது. பானையில் ஓட்டை விழுந்தால் ஒழுகுகிறது. புதுப் பானையின் புறத்தே நீர் கசிகிறது. இம்மூன்றையும் மாற்றிச் சொன்னால் கேட்பவர் தவறான இடத்தில் பழுதைத் தேடுவார். காப்பி இயந்திரத்திற்கும் இது பொருந்தும். எந்த வினைச்சொல் பொருந்துகிறது என்று முடிவுசெய்துவிட்டால், பழுதின் இடம் பாதி தெரிந்ததாகிவிடும்.

முதலில் இயந்திரத்தின் உள்ளமைப்பைச் சுருக்கமாகக் காண்போம்.

நீர் செல்லும் வழி

தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் உள்ள சைவ உணவகங்களில் பித்தளை வடிகட்டியில் இறங்கும் காப்பிக்கு இயந்திரம் தேவையில்லை. மேல் அடுக்கில் தூளும் வெந்நீரும், கீழ் அடுக்கில் வடிநீர். இடையே புவியீர்ப்பு மட்டும். அழுத்தம் இல்லாததால் அங்கே அடைப்பு வளையம் வேண்டியதில்லை. நீர் சொட்டுச் சொட்டாக வெளியேறுவதே அக்கருவியின் பணி. வடிதல் என்பது நாம் விரும்பி நிகழ்த்தும் ஒழுக்கு என்றுகூடச் சொல்லலாம்.

எஸ்பிரெசோ வகை இதற்கு நேர்மாறானது. 1884ஆம் ஆண்டு இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோரியொண்டோ நீராவியால் இயங்கும் காப்பிக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அக்கில்லே காஜியா என்பார் நீராவிக்கு மாற்றாக உந்துதண்டின் அழுத்தத்தைப் பயன்படுத்தினார். 1961இல் வெளிவந்த ஃபயேமா ஈ61 என்னும் இயந்திரம் அவ்வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்தது. இன்று நம் வீட்டு மேடையில் நிற்கும் இயந்திரம் இந்த வழியில் வந்ததே.

அதில் நீர் செல்லும் பாதை இது. பின்புறத்திலோ பக்கத்திலோ உள்ள தொட்டியிலிருந்து, அதன் அடியிலுள்ள சிறு வால்வின் வழியாக நீர் இறங்குகிறது. பிறகு நீரின் அளவைக் கணக்கிடும் சிறு சக்கரம், அதையடுத்து பம்பு, அதன்பின் நீரைச் சூடாக்கும் உலோகக் கட்டி. அங்கிருந்து வெந்நீர், காப்பித் தூளை அமுக்கி வைத்திருக்கும் வடிப்பகத்துள் நுழைகிறது. தூளினூடே புகுந்து காப்பியாக வெளியேறுகிறது. வேலை முடிந்ததும் எஞ்சிய அழுத்தமும் சிறிது நீரும் கழிவுத்தட்டில் விழுகின்றன.

பம்பு வரை நீருக்கு அழுத்தம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பம்பைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. தூளினூடே நீரைச் செலுத்த ஏறத்தாழ 9 பார் அழுத்தம் வேண்டும்; அதாவது 90 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தம். பெட்டியின்மேல் அச்சிடப்படும் 15 பார் என்பது பம்பின் உச்சத் திறன். அதை 150 மீட்டர் நீர்த்தம்பமாக எண்ணிப் பார்த்தால், டக்ஸ்டனில் உள்ள 50 மாடி வீவக கட்டடத்தின் உயரத்திற்கு அருகில் வருகிறது. அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும் நீரைத் தடுத்து நிறுத்துவது கைவிரல் மோதிரத்தைப் போன்ற ரப்பர் வளையம். ஆகவே வளையம் தளர்வதில் வியப்பில்லை. பல ஆண்டுகள் தளராமல் இருப்பதுதான் வியப்பு.

ஏழு வினைகள், ஏழு இடங்கள்

பழுது தேடத் தொடங்குமுன் இயந்திரத்தை அணைத்து, மின்செருகியைப் பிடுங்கி, அடிப்பகுதியை நன்கு உலர்த்தவேண்டும். பிறகு அதனடியில் வெள்ளைச் சமையலறைத் தாளை விரிக்கவேண்டும். நீர் முதலில் தாளின் எந்த மூலையை நனைக்கிறது, எந்த நேரத்தில் நனைக்கிறது என்னும் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். இடத்தைவிட நேரமே கூடுதலாகப் பேசும். நீர் அடித்தகட்டின் வழியாக ஊறிப் பரவி, மூல இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வெளிப்படக்கூடும். ஆனால் அது எப்போது தொடங்கியது என்பதை மறைக்க முடியாது.

வழிதல். இயந்திரம் ஒவ்வொரு முறை இயங்கத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் தன்னைத்தானே அலசிக்கொள்கிறது. அந்த நீர் கழிவுத்தட்டில் சேர்கிறது. ஒரு நாளில் ஒருவர் இரண்டு கோப்பைதான் குடித்தாலும் தட்டு நிரம்பிவிடும். “நான் குடித்ததைவிட அதிக நீர் தட்டில் இருக்கிறது” என்பது குறையன்று, அலசல் நீர்தான். தட்டைக் காலிசெய்து ஒழுங்காகப் பொருத்தினால் போதும். தட்டு ஓரிரு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் கழிவுநீர் தட்டுக்குள் விழாமல் இயந்திரத்தின் அடியில் விழும். பல வீடுகளின் ‘பழுது’ இவ்வளவுதான்.

வியர்த்தல். நம் தீவின் காற்றில் ஈரப்பதம் எப்போதும் மிகுதி. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த நீரைத் தொட்டியில் ஊற்றினால் தொட்டியின் புறச்சுவர் வியர்த்து, அடியில் நீர்த்துளிகள் சேரும். குளிர்ந்த சுண்ணாம்புச் சோடாப் புட்டியின் புறத்தே நாம் காண்பதும் இதுவே. சாதாரணக் குழாய் நீரை ஊற்றிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

ஒழுகுதல். இயந்திரம் இயங்காமல் நிற்கும்போதே நீர் வெளியேறினால், அழுத்தமற்ற பகுதியில்தான் குறை உள்ளது. அதாவது தொட்டி, அதன் வால்வு, தொட்டி அமரும் இருக்கை. தொட்டியைத் தனியே கழற்றி, நீர் நிரப்பி, உலர்ந்த தாளின்மேல் ஒரு மணி நேரம் வைக்கவேண்டும். தாள் நனைந்தால் தொட்டியில் விரிசல் அல்லது வால்வில் தூசி. நனையாவிட்டால், தொட்டியின் வாய் பொருந்தும் இடத்திலுள்ள வளையத்தைப் பார்க்கவேண்டும். அங்கே ஒரு காப்பித் தூள் துணுக்கு ஒட்டியிருந்தாலே நீர் ஒழுகும். விரிசல் கண்ட தொட்டியைப் பசையால் ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. குடிநீர் தங்கும் இடத்தில் எந்தப் பசை எதைக் கரையவிடும் என்று நாம் அறியோம். தொட்டி தனியாகவே விலைக்குக் கிடைக்கும்.

கசிதல். காப்பி தயாராகும்போது மட்டும் நீர் வெளியேறி, அது பழுப்பு நிறமாகவும் இருந்தால் வடிப்பகத்தின் வளையங்கள்மேல் ஐயம் கொள்ளலாம். தெளிந்த நீராக இருந்தால் குறை அதற்கு முன்பே, குழாய் இணைப்புகளில் இருக்கக்கூடும். நிறம் இவ்வாறு நமக்கு வழிகாட்டுகிறது. கசிவைப் பற்றிச் சற்று விரிவாகப் பின்னர்ப் பேசுவோம்.

சொட்டுதல். காப்பி இறங்கி முடிந்தபின் வாய்க்குழலில் சில துளிகள் சொட்டுவது இயல்பு. பல நிமிடங்களாகியும் நிற்காவிட்டால், நீரை நிறுத்தும் வால்வு முழுமையாக மூடவில்லை. பெரும்பாலும் அதன் இருக்கையில் படிந்த படிவே காரணம்.

ஊறுதல். தாளின் நடுவே, நேரம் காலம் இன்றி, மெல்ல ஈரம் பரவினால் உள்ளே எங்கோ நீர் தங்கி ஊறுகிறது என்று பொருள். இயந்திரத்தின் உறையைத் திறக்காமல் இதன் மூலத்தைக் காண்பது அரிது.

பீறிடுதல். பம்பின் ஒலி திடீரென மாறி, உள்ளே சீறும் ஓசையோடு ஆவியும் நீரும் வெளியேறினால், உயர் அழுத்தக் குழாய் இணைப்பிலிருந்து கழன்றிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். உடனே சுவரிலுள்ள மின்விசையை அணைக்கவேண்டும். இயந்திரத்திலுள்ள பொத்தானைத் தேடக்கூடாது.

இறுதி இரண்டும் வல்லுநரின் வேலை. முன் ஐந்தும் பொறுமையுள்ள யாருக்கும் கைவரும்.

ஒரு வளையத்தின் கதை

கசிவுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான ரப்பர் வளையத்தை ஆங்கில எழுத்தின் வடிவை வைத்து ‘ஓ-ரிங்’ என்கிறோம். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் இதற்கு 1939இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் நுட்பம் எளியது. உலோகத்தில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் வளையத்தைச் சற்றே நசுங்குமாறு அமர்த்துகிறார்கள். நீரின் அழுத்தம் ஏறும்போது அது வளையத்தைப் பள்ளத்தின் ஓரத்திற்குத் தள்ளி, இடைவெளியில் மேலும் இறுக்கமாக அமரச்செய்கிறது. தள்ளும் பகையே காவலுக்குத் துணையாகிறது. இது நடக்க வளையத்திடம் ஒரே ஒரு பண்பு வேண்டும்: நசுக்கினால் நசுங்கவும், விட்டால் மீளவும் தெரிந்திருக்கவேண்டும்.

அந்த மீட்சி தவறினால் என்ன நேரும் என்பதை உலகம் 1986 ஜனவரி 28 அன்று கண்டது. சேலஞ்சர் விண்கலம் ஏவப்பட்ட காலையின் கடுங்குளிரில், உந்துகலனின் இணைப்பிலிருந்த ரப்பர் வளையங்கள் விறைத்து மீட்சியை இழந்தன. ஏழு பேர் உயிரிழந்தனர். விசாரணைக் குழுவிலிருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன், வளையப் பொருளின் ஒரு துண்டைக் கவ்வியில் நசுக்கி, மேசையிலிருந்த பனிநீர்க் கோப்பையில் அமிழ்த்தி எடுத்து, அது மீளத் தாமதிப்பதை அனைவருக்கும் காட்டினார். வகுப்பறையில் செய்யத்தக்க சோதனைதான். ஆசிரியர்கள் மனங்கொள்ளவேண்டிய விளக்கமுறை அது.

காப்பி இயந்திரத்தின் வளையத்தைக் கெடுப்பது குளிரன்று, வெப்பம். நாள்தோறும் கொதிநிலைக்கு அருகே வெந்து, ஆறி, மீண்டும் வெந்து ரப்பர் இறுகுகிறது. பழைய வளையத்தைக் கழற்றிக் குறுக்கே பார்த்தால், உருண்டையாக இருக்கவேண்டிய அதன் உடல் தட்டையாகியிருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. அத்தகையது எவ்வளவு கழுவினாலும் பயன் தராது; மாற்றத்தான் வேண்டும். உருண்டையாகவும் மென்மையாகவும் இருந்தால், தூளை அகற்றித் துடைத்து மசகிட்டுத் திரும்பப் பொருத்தலாம்.

மசகைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நம் வீடுகளில் கதவுக் கீல் முதல் தையல் இயந்திரம் வரை எதற்கும் தேங்காய் எண்ணெயே மருந்து. இங்கு அது ஆகாது. இவ்வளையங்களுக்குப் பெரிதும் பயன்படும் ஈபிடிஎம் என்னும் ரப்பர், எண்ணெய் பட்டால் உப்பி உருக்குலையும், வாசலினும் அவ்வாறே. உணவுத் தரமுள்ள சிலிக்கான் மசகை மட்டும் மெல்லிய பூச்சாக இடவேண்டும். புது வளையம் வாங்கும்போது உட்குறுக்களவு, தடிமன் ஆகிய இரண்டையும் மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போவது நலம். “இதைப் போல ஒன்று” என்று கையால் காட்டி வாங்கிய வளையம் பெரும்பாலும் வீட்டுக்கு வந்தபின் பொருந்தாது.

வடிப்பகத்தை வெளியே எடுக்கக்கூடிய இயந்திரமாயின், வாரம் ஒருமுறை வெறும் வெதுவெதுப்பான நீரில் அலசினால் போதும். சோப்பு மசகைக் கழுவிவிடும். தூளை மிக நுண்ணியதாக அரைக்கும்படி அமைத்திருந்தால், ஒரு படி பருமனாக்கிப் பார்க்கலாம். நீர் செல்ல வழியின்றி அழுத்தம் ஏறி, வளையத்தின் ஓரமாகத் தப்பிப்பதும் உண்டு.

சுண்ணாம்புக் கம்பத்தில் சுண்ணாம்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிராங்கூன் சாலைப் பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அவ்வட்டாரத்தைத் தமிழர் சுண்ணாம்புக் கம்பம் என்றழைத்தனர். ‘கம்பம்’ என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்னும் பெயர் வழங்கிற்று. அக்காளவாய்களில் எரிந்த கால்சியம் கார்பனேட்டும், காப்பி இயந்திரத்தின் உட்சுவரில் வெண்மையாகப் படிவதும் ஒரே பொருள். நீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறும்போது கார்பனேட்டாக மாறிக் கரையாமல் படிகிறது. அப்படிவு வால்வின் இருக்கையை மேடுபள்ளமாக்கும். வால்வு மூடினாலும் நீர் சொட்டும்.

ஆனால் இதை மிகைப்படுத்தக்கூடாது. சென்னைப் புறநகரின் ஆழ்துளைக் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் சிங்கப்பூர்க் குழாய் நீர் மென்மையானது. இங்கே காப்பிக் கொழுப்பும் நுண்தூளும் முதுமையடைந்த ரப்பரும் செய்யும் கேடே முதன்மையானது என்பது என் கருத்து. இயந்திரத்தோடு வரும் சோதனைத்தாளால் நீரின் கடினத்தன்மையை அளந்து, அதற்கேற்ப அமைப்பைத் திருத்திக்கொண்டால், தேவையின்றி அடிக்கடி அமிலமூற்றிக் கழுவுவதைத் தவிர்க்கலாம். சிட்ரிக் அமிலக் கரைசலைப் பயன்படுத்துவோர் அதைச் சூடாக்கி ஊற்றக்கூடாது. சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்னும் வேறொரு கரையாப் படிவு உண்டாகி, உள்ளதையும் கெடுக்கும். காடியும் வேண்டாம்; அதன் வாடை வளையங்களைவிட்டு எளிதில் போகாது.

எவ்வளவு இழப்பு?

நொடிக்கு ஒரு துளி வீதம் ஒழுகும் குழாயைக் கருதுவோம். 20 துளிகள் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள், ஆக 4.3 லிட்டர். ஓராண்டில் ஏறக்குறைய 1,577 லிட்டர். 2025 ஏப்ரல் முதல் மாதம் 40 கன மீட்டருக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கன மீட்டர் விலை 3 வெள்ளி 24 காசு. ஆகவே ஆண்டு முழுவதும் சொட்டிய நீரின் விலை ஏறத்தாழ 5 வெள்ளிதான். காப்பி இயந்திரத்திலோ இழப்பு இன்னும் குறைவு. கையால் நிரப்பும் தொட்டியில் உள்ளதைவிடக் கூடுதலாக ஒழுக முடியாது. 1963இன் வறட்சியில் நீர்ப்பங்கீட்டைக் கண்ட நாடு இது. 2023இல் ஒருவர் வீட்டில் நாளொன்றுக்கு 141 லிட்டர் பயன்படுத்தினார். 2030க்குள் அதை 130 லிட்டராகக் குறைப்பது இலக்கு. எனினும் காப்பி இயந்திரத்தைச் சரிசெய்வதால் அவ்விலக்கை எட்டிவிடலாம் என்று மாணவர்களிடம் சொல்வது கணக்குக்குப் பொருந்தாது.

உண்மையான கேடு வேறிடத்தில் உள்ளது. சமையலறை மேடையின் அடியிலுள்ள மரத்தூள் பலகை ஈரம் பட்டால் உப்பும். இருண்ட ஈரத்தில் பூஞ்சை வளரும். அனைத்திலும் மேலாக, நீர் ஒழுகும் பெட்டிக்குள் 230 வோல்ட் மின்சாரம் ஓடுகிறது. தமிழில் மின்சாரம் தவறான வழியில் செல்வதையும் கசிவு என்றே சொல்கிறோம்: மின்கசிவு. இவ்விரு கசிவுகளும் கைகோக்கும் இடம் இது. நம் வீடுகளின் மின்பெட்டியில் உள்ள மின்கசிவுத் தடுப்பான் 30 மில்லியாம்பியர் அளவிலேயே மின்னோட்டத்தைத் துண்டித்துவிடும். பழைய வீடுகளிலும் 2025 ஜூலைக்குள் அதைப் பொருத்தவேண்டும் என்று விதி வந்தது. காப்பி இயந்திரத்தை இயக்கும்போது அத்தடுப்பான் விழுந்தால், மீண்டும் ஏற்றி ‘இன்னொருமுறை பார்ப்போம்’ என்று முயலக்கூடாது. நீர் மின்பகுதியைத் தொட்டுவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அறிவிப்பு இல்லை. அப்போது செருகியைப் பிடுங்கிவிட்டு வல்லுநரை அழைப்பதே முறை.

மற்றொன்று, தூக்கி எறியப்படும் இயந்திரம். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. இரண்டு வெள்ளி பெறாத வளையத்திற்காக நூற்றுக்கணக்கான வெள்ளி மதிப்புள்ள பொறி அதில் சேர்வது ஏற்கத்தக்கதன்று. முன்னாளில் தமிழ்நாட்டுத் தெருக்களில் பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோர் குரல் கொடுத்துக்கொண்டு வருவர். ஓட்டை விழுந்த குடத்தை எவரும் குப்பையில் எறிந்ததில்லை. அப்பழக்கம் வேறு வடிவில் திரும்பிவருகிறது. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டினே போஸ்ட்மா பழுதுநீக்கும் கூடுகைகளைத் தொடங்கினார். இங்கே 2014இல் தொடங்கிய ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’ அந்த வகையைச் சேர்ந்தது. அங்கே தொண்டூழியர் நம் பொருளை வாங்கிச் சரிசெய்து தருவதில்லை. நம்மை அருகே அமர்த்தி, நம் கையாலேயே சரிசெய்ய வைக்கின்றனர். காப்பிக்கடையின் பெயரை அதற்கு வைத்தவர் நகைச்சுவை உணர்வுடையவராக இருக்கவேண்டும்.

அத்தகைய இடத்தில் அமரும் மாணவர் பழுதைத் தமிழில் விளக்க முயலலாம். வகுப்பிலும் இதைச் செய்யலாம். ஓட்டையிட்ட குவளை, ஈரத்துணி, நிரம்பிய கிண்ணம், குளிர்ந்த புட்டி ஆகியவற்றை மேசைமேல் வைத்து, ஒவ்வொன்றிலும் நீர் என்ன செய்கிறது என்று ஒரே வினைச்சொல்லில் எழுதச்சொல்லலாம். ‘நீர் வருகிறது’ என்று எழுதும் மாணவரிடம், எங்கிருந்து, எப்போது, எவ்வளவு என்று கேட்டால் சரியான சொல் தானே வரும். வால்வு, பம்பு, ரப்பர் போன்ற பெயர்ச்சொற்களை அப்படியே வைத்துக்கொள்வதில் தவறில்லை. மெக்கானிக்கும் அவற்றையே சொல்கிறார். இழக்கக்கூடாதவை வினைச்சொற்கள்.

பழுதுநீக்கியபின் உடனே இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளிவிடாமல், அடியில் புதிய தாளை விரித்து இரண்டு நாள் வழக்கம்போல் பயன்படுத்தவேண்டும். காலையில் முதல் கோப்பைக்கு முன்பும், இரவில் அணைத்தபின்பும் தாளைப் பார்க்கவேண்டும். மூன்றாம் நாள் காலையிலும் தாள் உலர்ந்திருந்தால், இயந்திரத்தைப் பழைய இடத்தில் வைக்கலாம்.